சொன்னது யார்

பரந்தன்
19.02.2023

அன்பு மகன் விதுசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் தங்கச்சியும் நல்ல சுகம். உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்து வாசிக்கிற சிறைச்சாலை ஐயாவுக்கும் என் வணக்கம். இருமல் நின்றுவிட்டதா? போன முறை கம்பி வலைக்கு அங்கால் நின்று நீ இருமியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. ஒரே நேரத்தில் முப்பது பேர் கத்தினால் யாருக்கு என்ன கேட்கும்? இப்போது உன்னைத் தெற்குப் பக்கம் மாற்றியும் விட்டார்கள். சிங்களம் தெரியாமல் வழி கேட்டு, மூன்று பஸ் மாறி வந்து, பத்து நிமிடம் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட எழுதுவது நல்லது என்று பட்டது. எழுதினால் நடுவில் யாரும் கத்தமாட்டார்கள்.

சட்டத்தரணி பரமலிங்கம் ஐயாவைப் பார்த்தேன். பிணைக்கு விண்ணப்பம் போடுகிறாராம். உன்னிடம் எடுத்த போதைத்தூளின் நிறை கூடிவிட்டதால் இழுபடும் என்கிறார். முயற்சி செய்வோம் என்றும் சொன்னார்.

காலபோக நெல் வெட்டு முடிந்தது. கடைசி மழை கெடுத்துவிட்டது, என்றாலும் வீட்டுக்குச் சோறு இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. தங்கச்சிக்குக் கலியாணம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை உன் லக்ஷன்தான். ஆறாம் வகுப்பிலிருந்து உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே வருகிறான். உழவு இயந்திரம் திருத்தின எண்ணெய்க் கையோடு நேரே வந்து நின்றான். கதிரையில் இருக்கவும் இல்லை. "அன்ரி, நான் யதுவைக் கட்டுறன். விதுசன் வந்தாப்பிறகு எண்டாலும் சரி, முன்னம் எண்டாலும் சரி. நீங்கள் சொல்லுங்கோ" என்றான். ஆவணியில் நாள் வைத்திருக்கிறேன். பெண்ணின் சகோதரன்தானே மாப்பிள்ளைத் தோழன்? அவனுக்குக் கால் கழுவி மணவறைக்கு நீதான் கூட்டிவர வேண்டும். அதற்குள் வந்துவிடுவாய் என்று நினைத்துத்தான் அந்த நாளை எடுத்தேன்.

வேளைக்குச் சாப்பிடு. தலையை ஈரத்தோடு விடாதே.

உன் அம்மா
பத்மாசனி


14.03.2023

அன்புள்ள அம்மாவுக்கு,

விதுசன் எழுதுவது. இருமல் நின்றுவிட்டது. உங்களுக்கு முழங்கால் நோ எப்படி? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இங்கே சோறும் கறியும் தருகிறார்கள், உறைப்புத்தான் இல்லை. ஒரு கூடத்தில் எழுபது பேர். முதல் மூன்று மாதமும் என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது. உடம்பு முழுக்க எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. சுவரில் தலையை அடித்தேன் என்று பக்கத்தில் படுப்பவர் சொல்கிறார். இப்போது நித்திரை வருகிறது. தலை தெளிந்திருக்கிறது. மறந்துபோனவை ஒவ்வொன்றாக வருகின்றன.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு வந்த பொலிஸ் அலுமாரியைத் திறக்கவில்லை. என் அறைக்குள் போகவில்லை. ஓட்டோவைப் பார்க்கவில்லை. நேரே கொட்டிலுக்குப் போய், விதைநெல் மூட்டைகளில் சுவரோரம் இருந்ததை இழுத்து அவிழ்த்தார்கள். தேடினவர்கள் மாதிரி இல்லை, வைத்ததை எடுக்க வந்தவர்கள் மாதிரி. யாரோ இடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கிழமை எங்கள் வீட்டுக்கு யார் யார் வந்தது? நன்றாக யோசித்து எழுதுங்கள். ஒருவரையும் விடாதீர்கள்.

தங்கச்சியின் கலியாணம் பற்றி எழுதியிருந்தீர்கள். வாசித்தேன்.

உங்கள் மகன்
விதுசன்


பரந்தன்
02.04.2023

என் அப்பன் விதுசன்,

வெயில் நெருப்பாக எரிக்கிறது. அதைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு நித்திரை வருகிறது என்று எழுதியிருந்ததைத் தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். அதைத்தான் ஆறு மாதமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கச்சியின் கலியாணச் சேலைகளுக்கு அலுமாரியில் இடம் ஒதுக்கும்போது உன் பழைய கொப்பி ஒன்று அகப்பட்டது. சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது எழுதியது. எழுத்து எவ்வளவு வடிவு! அன்றிலிருந்து பழசுகள்தான் மனதில் ஓடுகின்றன.

மற்றத் தாய்மார் பிள்ளை வளர்த்த கதை சொல்லும்போது நான் கேட்டுக்கொண்டு இருப்பேன். எந்த மாதம் தவழ்ந்தது, எப்போது பேசியது என்று அவர்களுக்கு ஒழுங்காக ஞாபகம் இருக்கும். எனக்கு எல்லாம் இடங்களின் பெயரோடுதான். உனக்கு ஏடு தொடக்கியது புதுக்குடியிருப்பில், இன்னொருவர் வீட்டுத் தாழ்வாரத்தில். தங்கச்சி நடை பழகியதுதான் பரந்தனில், எங்கள் சொந்தக் காணியில். அவளுக்கு முதல் பல் விழுந்தது பங்கருக்குள். பல்லை அணிலுக்குக் கொடுக்கக் கூரை வேண்டும் என்று அழுதாள். கூரைக்கு எங்கே போவது? நீ பல்லை வாங்கிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அழாத, ஊருக்குப் போய் எங்கட கூரையில எறிவம்" என்றாய். அடுத்த கிழமை ஷெல் விழுந்து அப்பா போனார். அவருக்கு மண் போட்டதும் நீதான். பத்து வயது.

மறு வருடம் ஊருக்கு வந்தோம். வீடும் இல்லை, கூரையும் இல்லை. தந்த தறப்பாளைக் கூரையாகக் கட்டி இருந்தோம். நீ பல்லை எடுத்துத் தறப்பாளில் எறிந்தாய். அது வழுக்கிக் கீழே வந்தது. திரும்ப எறிந்தாய், திரும்பவும் வந்தது. மூன்றாம் தரம் தங்கச்சியின் தலையிலேயே விழுந்தது. மூன்று பேரும் சிரித்தோம். அப்பா போன பிறகு நாங்கள் சிரித்தது அன்றுதான்.

தங்கச்சி பெரிய பிள்ளையானபோது தாய்மாமன் என்று சொல்ல எங்களுக்கு ஒருவரும் இல்லை. பதினைந்து வயதில் நீ கதிரை இரவல் வாங்கினாய், பந்தல் போட்டாய், வந்தவர்களைச் சாப்பிட வைத்தாய். சபையில் எல்லோரும் "யோகலிங்கத்தின்ர மகன் ஆளாயிட்டான்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உங்கள் இருவரையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. வளர்ப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வயலில் நின்றேன். நீ எங்கே நிற்கிறாய் என்று பார்க்கவில்லை.

யார் வந்தது என்று கேட்டிருந்தாய். விதைப்புக் காலம் என்றால் எத்தனை பேர் வந்து போவார்கள். நினைவில் இல்லை. சொன்னவர் யாராக இருந்தாலும் பகையில் சொல்லியிருக்கமாட்டார். அதை விட்டுவிடு ராசா.

அம்மா


21.05.2023

அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தையும் தங்கச்சியின் சுகத்தையும் கேட்கிறேன்.

பல்லுக் கதையை இரண்டு தரம் வாசித்தேன். ஆனால் நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பரவாயில்லை, நானே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன்.

புதன்கிழமை பொலிஸ் வந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் லக்ஷன் வந்து ஒரு மூட்டை விதைநெல் கொண்டுபோனான். கொட்டிலுக்குள் போனது அவன் ஒருவன்தான். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் சந்தியில் வைத்து என்னிடம், "இதை விடு மச்சான், இல்லாட்டி உன்னை ஆராவது பிடிச்சுக் குடுத்துத்தான் காப்பாத்தோணும்" என்றான். அவன் வாயால் சொன்னது. அப்போது எனக்கு விளங்கவில்லை.

இப்போது பாருங்கள். நான் உள்ளே வந்து ஐந்து மாதத்தில் அவன் என் தங்கச்சியைக் கேட்டு வந்து நிற்கிறான். நான் வெளியில் இருந்தால் துணிந்து கேட்டிருப்பானா? வீட்டில் ஆம்பிளை இல்லாமல் பண்ணிவிட்டு வீட்டுக்குள் வருகிறான். நீங்கள் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறீர்கள்.

கலியாணத்தை நிற்பாட்டுங்கள். நடத்தினால் எனக்கு அம்மாவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. அவனிடம் கேட்கவேண்டியதை நான் உள்ளே இருந்தபடியே கேட்பேன்.

விதுசன்


பரந்தன்
04.06.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

யது எழுதுகிறேன். நீங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அம்மாதான் உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பதில் எழுதுங்கள் என்றால், "எழுதுறன், எழுதுறன்" என்கிறா. எழுதுகிறா, பிறகு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறா. அதனால் நான் எழுதுகிறேன்.

லக்ஷனிடம் நான் முகத்துக்கு நேரே கேட்டேன். "அண்ணாவைப் பற்றி நீங்களோ சொன்னது?"

"நான் இல்லை யது."

"அப்ப ஆர்?"

"அது எனக்குத் தெரியும். ஆனா உனக்குச் சொல்லமாட்டன். சொல்லவேண்டிய ஆள் சொல்லட்டும்."

அண்ணா, அவர் இல்லை என்றால் இல்லைதான். நீங்கள் சந்தியில் ஓட்டோவைத் தெருவுக்குக் குறுக்கே விட்டுவிட்டு உள்ளேயே கிடந்த நாட்களில் உங்களைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தது யார்? உங்களுக்கு நினைவு இருக்காது. உங்கள் சட்டையைக் கழற்றித் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு, அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். அப்படித்தான் எனக்கு அவரில் விருப்பம் வந்தது. நீங்கள் உள்ளே போன பிறகு வந்தது இல்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. கழுத்தில் உங்கள் விரல் பட்ட இடம் இரண்டு கிழமை கறுத்துக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகும்போது சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனேன். அதை எல்லாம் மறந்துவிட்டேன். ஆவணிக்கு நீங்கள் வராவிட்டாலும், சந்தோசமாக இரு என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு மணவறையில் இருப்பேன்.

அன்புத் தங்கை
யதுர்ஷிகா


பரந்தன்
30.07.2023

விதுசன்,

சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனமில்லை.

பன்னிரண்டு நாளுக்கு முன்னர், செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், இரண்டு மோட்டார் சைக்கிளில் நாலு பேர் லக்ஷனின் கடைக்கு வந்தார்கள். முகத்தை மூடியிருந்தார்கள், கையில் வாள். உழவு இயந்திரத்துக்கு அடியில் படுத்துக் கிடந்தவனைக் காலில் பிடித்து இழுத்தார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைச் சுமித்திரா எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"நீதானே விதுசனைப் பிடிச்சுக் குடுத்தது?"

"நான் இல்லை."

"அப்ப ஆரெண்டு சொல்லு. சொன்னா விட்டிட்டுப் போறம்."

அவன் வாய் திறக்கவில்லையாம். மூன்று தரம் கேட்டார்களாம். நாலாம் தரம் வெட்டினார்கள். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பெருவிரல் இனி மடங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி நடையில் இருந்துதான் இதை எழுதத் தொடங்கினேன்.

அவர்களை நீ அனுப்பினாயா? ஓம் அல்லது இல்லை என்று எழுது.

பொலிசுக்குச் சொன்னது லக்ஷன் இல்லை. நான்.

சனிக்கிழமை விதைநெல்லை வெயிலில் போட அள்ளும்போது பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. திரும்ப அதற்குள்ளேயே வைத்துக் கட்டினேன். வாய்க்காலில் கொட்டியிருக்கலாம் என்று நீ கேட்பாய். முன்பு ஒருதரம் கொட்டினேன். அன்றுதான் நீ தங்கச்சியின் கழுத்தைப் பிடித்தாய்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் பிள்ளை படலையில் வந்து நின்றாள். வகுப்புக்குப் போகிற பிள்ளை. வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், பதினைந்து வயதுகூட இராது. "விதுசன் அண்ணா நிக்கிறாரோ? ஒரு சாமான் வாங்கோணும்" என்றாள். அவளுடைய கை நடுங்கியது. உன் கை நடுங்குவது மாதிரியே நடுங்கியது. நீ நிற்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் நீ கிணற்றுக் கட்டில் ஏறி நின்றாய். அதற்கு முன் ஐந்து நாள் நீ நித்திரை கொள்ளவில்லை. "அப்பா கீழ நிக்கிறார் அம்மா. நனைஞ்சுபோய் நிக்கிறார். கயிறை விடுங்கோ, நான் இறங்கப் போறன்" என்றாய். நான் உன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். நீ என்னை உதறினாய். தங்கச்சி ஓடிப்போய் லக்ஷனைக் கூட்டிவந்தாள். அவன் வரும்வரைக்கும் உன் சாரத்தின் நுனிதான் என் கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். போத்தல் தண்ணீர் தந்து இருக்கச் சொன்னார்கள். அங்கே இருந்தவர் உடைந்த தமிழில், "அம்மா பயம் வேணாம், ஆறு மாசம் கேம்ப், மருந்து, பிறகு நல்ல பிள்ளை வரும்" என்றார். நம்பினேன். எத்தனை கிராம் இருந்தால் என்ன தண்டனை என்று எனக்கு யார் சொன்னது? நிறுத்துப் பார்த்த பிறகுதான் எல்லாம் மாறியது, ஆயுள் தண்டனை வரைக்கும் போகும் என்றார்கள். நீதிமன்றத்தில் உன்னைக் கொண்டுபோகும்போது நீ திரும்பி என்னைத்தான் பார்த்தாய். என்னைக் காப்பாற்றுங்கள் என்று பார்த்தாய்.

லக்ஷனுக்கு மட்டும் அந்தக் கிழமையே சொல்லி அழுதேன். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அன்ரி, நீங்கள்தான் எண்டு தெரிஞ்சா அவன் உடைஞ்சுபோவான்" என்றான். பிறகு உன் வைகாசிக் கடிதத்தைக் காட்டினேன். "இப்ப சொல்லுங்கோ அன்ரி, இனிப் பிந்தக்கூடாது" என்றான். மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் அலுமாரிக்குள் கிடக்கின்றன. ஒன்றைத் தபாலில் போட்டிருந்தால் அவனுக்கு இன்று பத்து விரலும் இருந்திருக்கும்.

அம்மா


வவுனியா
10.09.2023

அண்ணாவுக்கு,

சுகமாக இருங்கள். என் முகவரி மாறிவிட்டது, ஆனால் அதைத் தரப்போவதில்லை. இது நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

பாடசாலை வேலையை விட்டுவிட்டேன். இங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்து, பெண்கள் விடுதியில் இருக்கிறேன். ஆவணியில் வைத்த நாள் வந்து போனது. அன்றைக்கும் வேலைக்குப் போனேன்.

லக்ஷனை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தேன். அவருடைய அம்மா என்னைக் கண்டதும் எழும்பி வெளியே போய்விட்டா. அவர், "யது, எனக்கு உன்னில கோவம் இல்லை. உங்கட அம்மாவிலயும் இல்லை. ஆனா உங்கட வீட்டுப் படலையைத் திறந்து உள்ளுக்கு வர இனி என்னால ஏலாது" என்றார். கட்டுப் போட்ட கையைத் தொடலாமா என்று கேட்டேன். வேண்டாம், நோகும் என்றார். அவ்வளவுதான் எங்கள் கதை.

சொன்னது அம்மா என்று எனக்கும் ஆடி மாதத்தில்தான் தெரியும். அம்மா உங்களைப் பிடித்துக் கொடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தால் இன்னும் முந்திப் போயிருப்பேன். ஆனால் வைகாசியிலிருந்து ஆடிவரைக்கும் அம்மா வாயை மூடிக்கொண்டிருந்தா. ஒரு முத்திரை ஒட்டினால் தீர்ந்திருக்கும். மகன் தன்னை வெறுக்கக்கூடாது என்பதற்காக என் ஆளின் கையைக் கொடுத்துவிட்டா. அதை என்னால் விழுங்க முடியவில்லை.

நீங்கள் சொல்லி அனுப்பினீர்கள். அம்மா சொல்லாமல் இருந்தா. இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன செய்தேன்? அவருக்குத் தெரியும் ஆனால் சொல்லமாட்டார் என்று உங்களுக்கு எழுதினதும் நான்தானே. அதையும் நினைத்துக்கொண்டுதான் தைக்கிறேன்.

யதுர்ஷிகா


பரந்தன்
22.10.2023

விதுசன்,

மழை தொடங்கிவிட்டது. விதைத்துவிட்டேன். கூலிக்கு ஆள் பிடித்து விதைத்தேன். தங்கச்சி வீட்டில் இல்லை.

தபால்காரர் இப்போது எங்கள் படலையில் சைக்கிளை நிறுத்துவதில்லை. தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். ஏசி எழுதினாலும் சரி, எழுது. வெறும் தாளை மடித்து அனுப்பினாலும் நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

அம்மா


26.11.2023

அம்மா,

உயிரோடு இருக்கிறேன். உங்கள் கடிதம் ஆவணி முதற்கிழமையே கிடைத்துவிட்டது. தங்கச்சியின் கடிதமும் கிடைத்தது. எழுத முடியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில், ஓம். எங்கள் கூடத்தில் இருந்த ஒருவன் ஆனியில் விடுதலையாகிப் போனான். அவனிடம் சொல்லி அனுப்பினேன். தங்கச்சியின் கடிதத்தில் லக்ஷன் தெரியும் ஆனால் சொல்லமாட்டேன் என்றதை வாசித்துவிட்டு, அவன்தான் என்று முடிவே செய்துவிட்டேன். வெட்டு என்று நான் சொல்லவில்லை. வெட்டாதே என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு வா என்றேன். அவன் எப்படிக் கேட்பான் என்று எனக்குத் தெரியும்.

கிணறு ஞாபகம் இருக்கிறது. அப்பா நின்றதும் ஞாபகம் இருக்கிறது. பொய் என்று இப்போது தெரிகிறது, ஆனால் கண்ணில் நிற்கிறார். அந்தப் பெண் பிள்ளையை யோசித்துப் பார்த்தேன். பின்னல் ஞாபகம் வருகிறது, முகம் வரவில்லை. பெயர் நான் கேட்டதே இல்லை. அப்படி எத்தனை பேர் என்பதும் தெரியாது.

போன கிழமை, லக்ஷனை வெட்ட ஆள் அனுப்பியது நான்தான் என்று சிறை அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பரமலிங்கம் ஐயா வந்து, "தம்பி, இதைக் குடுத்தா பிணை எண்ட கதையையே மறந்திடு. பழைய வழக்கில இருந்தும் உன்னை வெளியில எடுக்கேலாது" என்றார். ஓம் என்றேன். லக்ஷன் என்னை என்ன செய்தாலும் அந்தக் கை திரும்ப வராது. வேறு செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை.

என்னைப் பார்க்க வராதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. அந்த வலைக்கு முன்னால் வந்து உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். ஆறு மாதம் என்று நம்பித்தான் நீங்கள் பஸ் ஏறினீர்கள். ஆறு மாதம் இல்லை, என் ஆயுள் முழுக்க என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் போயிருப்பீர்களா? ஆறுதலுக்கு எழுதாதீர்கள். உண்மையை எழுதுங்கள்.

விதுசன்


பரந்தன்
11.02.2024

என் பிள்ளை விதுசனுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் படலைக்குள் வந்து கையில் தந்தார். எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும்தான். நீ பனியில் வெறும் நிலத்தில் படுக்கிறாயா? போர்வை தந்தார்களா?

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்தது உன்னைத் தண்டிக்க இல்லை. சொல்வதற்கு முன்னர் சில பேரைப் பார்க்கவேண்டி இருந்தது.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் வவுனியாவுக்குப் போனேன். தங்கச்சி இருக்கும் விடுதியைத் தேடிப் பிடித்தேன். வாசலுக்கு வந்தாள். மெலிந்துவிட்டாள். கொண்டுபோன பொங்கலை வாங்கிக்கொண்டாள். "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அப்ப கவனமாப் போங்கோ, பஸ் போயிடும்" என்றுவிட்டு உள்ளே போனாள். நான் அரை மணித்தியாலம் நின்றேன். அவள் பிறகு வரவில்லை.

லக்ஷன் வீட்டுக்கும் போனேன். கடையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் இடது கையால் எழுதப் பழகுகிறான், முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாலு கோட்டுக் கொப்பியில். எனக்குக் கதிரை போட்டான். நீ எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஏன் அன்ரி அவன் அப்பிடிச் செய்தவன்? நான் கேக்கேல்லையே" என்றான்.

அந்தப் பிள்ளையையும் தேடினேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஐந்து நாள் சந்தியில் நின்று பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் வெள்ளைச் சட்டை, எல்லோருக்கும் இரட்டைப் பின்னல். ஒவ்வொருத்தியின் கையையும் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. படிப்பை விட்டுவிட்டாளோ, உயிரோடு இருக்கிறாளோ, தெரியாது. அவளைப் பெற்றவளுக்குத் தெரியுமோ அதுவும் தெரியாது.

ஊரில் இப்போது என்னைப் பற்றிப் பெருமையாகக் கதைக்கிறார்களாம். பெற்ற மகன் என்றும் பாராமல் கொண்டுபோய்க் கொடுத்தவள், வீட்டுக்கு வீடு இப்படி ஒரு தாய் இருந்தால் இந்தப் பழக்கம் அழிந்துவிடும் என்று கோயில் கூட்டத்தில் ஒருவர் எழும்பிச் சொல்லியிருக்கிறார். என்னை மேடைக்கும் கூப்பிட்டார்கள். முழங்கால் நோ என்று போகவில்லை.

அவர்களுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நீ உண்மையைக் கேட்டாய்.

போயிருக்கமாட்டேன் விதுசன்.

ஆயுள் என்று தெரிந்திருந்தால் அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கமாட்டேன். மூட்டையைக் கட்டினபடியே விட்டிருப்பேன். அந்தப் பிள்ளை திரும்ப வந்து படலையில் நின்று, நீ எழும்பிப் போய் அவள் கையில் ஒன்றை வைக்கும்போது, நான் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டு நின்றிருப்பேன். கண்டும் காணாதவளாக நின்றிருப்பேன். நீ கிணற்றுக்குள் போகும் வரைக்கும், இல்லாவிட்டால் தங்கச்சியை என் கண் முன்னால் கொல்லும் வரைக்கும், உனக்கு மூன்று வேளையும் சோறு போட்டுக்கொண்டு இருந்திருப்பேன். ஒரு பிள்ளையை அல்ல, ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் விட்டுக்கொடுத்திருப்பேன். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறு பதில் வரவில்லை.

ஆறு மாதம் என்று சொன்னபடியால்தான் நான் நல்லதைச் செய்தேன்.

நீ வராதே என்றாய், நான் வரமாட்டேன். கடிதம் மட்டும் எழுதுவேன். அதை வேண்டாம் என்று சொல்லாதே.

அம்மா